நீண்ட ஆயுள் கொண்ட அணுக்கழிவை எப்படி அளக்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கதிர்வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்த காலத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்ட சந்தேகங்களைத்தான் பிறகு கல்லூரிகளுக்குப் பேசப் போனபோது மாணவர்களும் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்வதற்குப் பதில் எல்லாவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. பெக்கரல் என்ற அலகு அடிக்கடி வரும். வினாடிக்கு ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கரல்.

நீண்ட ஆயுள்னா எத்தனை வருஷம்? எங்கிருந்து கணக்கு?

அணுக்களில் பாதி சிதைந்து தீர ஆகும் காலம்தான் அரை ஆயுள். பெரும்பாலான நாடுகளில் 30 ஆண்டு அரை ஆயுளை ஒட்டித்தான் கோடு போடுகிறார்கள். பிரான்சில் அது 31 ஆண்டு. சீசியம்-137-ன் அரை ஆயுள் சுமார் 30, ஸ்ட்ரான்சியம்-90-க்கு 29-ஐ ஒட்டி. இரண்டும் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கின்றன. பத்து அரை ஆயுள் கடந்தால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும் என்பதால், 300 ஆண்டு காவல் காத்தால் இவற்றின் கதை ஏறக்குறைய முடிந்துவிடும். தரைமட்டக் கழிவுக் கிடங்குகளுக்கு 300 ஆண்டு என்று பேசப்படுவது இந்தக் கணக்கால்தான்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவை வேறு ரகம். நிக்கல்-63-க்கு சுமார் 100 ஆண்டு, கார்பன்-14-க்கு 5,700 ஆண்டு, நியோபியம்-94-க்கு 20,000 ஆண்டு, புளூட்டோனியம்-239-க்கு 24,100 ஆண்டு, நிக்கல்-59-க்கு 76,000 ஆண்டு, டெக்னீசியம்-99-க்கு 2.1 லட்சம் ஆண்டு, குளோரின்-36-க்கு 3 லட்சம் ஆண்டு. அயோடின்-129-க்கு 1 கோடியே 57 லட்சம் ஆண்டு.

மெதுவா சிதையுதுன்னா ஆபத்து கம்மிதானே? அப்புறம் ஏன் இவ்வளவு மெனக்கெடணும்?

ஓர் அணுவுக்கு ஓர் அணு என்று பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. ஒரு கிராம் அயோடின்-129 தரும் கதிரியக்கம், ஒரு கிராம் சீசியம்-137 தருவதில் சுமார் ஐந்து லட்சத்தில் ஒரு பங்குதான். ஆனால் கிடங்கு வடிவமைப்பவர் பார்ப்பது இன்றைய கதிர்வீச்சை மட்டுமல்ல. சில ஆயிரம் ஆண்டில் கான்கிரீட் விரிசல் விடும், டிரம் துருப்பிடிக்கும், நிலத்தடி நீர் உள்ளே வரும். அப்போது எது தண்ணீரோடு நகரும் என்பதுதான் அவர் கேள்வி. புளூட்டோனியம் மண்ணில் ஒட்டிக்கொண்டு பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்கும். அயோடைடும் குளோரைடும் களிமண்ணில்கூட அதிகம் ஒட்டாமல் நீரோடு போகும். ஆழ்நிலக் கிடங்குகளுக்கான நீண்டகாலக் கணிப்புகளில் அயோடின்-129, குளோரின்-36, செலினியம்-79 போன்ற பெயர்கள் முன்னால் வந்து நிற்பது இதனால்.

கண்முன் நடந்த உதாரணம் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் செல்லாஃபீல்டு அணு வளாகத்தில் 1994-ல் ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆலை தொடங்கியது. இரும்பு ஹைட்ராக்சைடை வீழ்படிவாக்கி, அதோடு புளூட்டோனியம் முதலியவற்றைப் பிடித்து இறக்குவது அதன் வேலை. அதை நன்றாகவே செய்தது. ஆனால் டெக்னீசியம்-99 பெர்டெக்னெட்டேட் என்ற வடிவில் கரைந்தே இருந்தது, இரும்போடு இறங்கவில்லை. அதுவரை தொட்டிகளில் தேங்கியிருந்த டெக்னீசியம் கடலுக்குப் போனது. ஐரிஷ் கடல் லாப்ஸ்டர்களில் அளவு ஏறியது, நார்வே கரையின் கடற்பாசிகளில்கூடத் தெரிந்தது, நார்வே கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தது. டெக்னீசியத்தைத் தனியாகப் பிடிக்கும் ஒரு வேதிப்பொருளைச் சேர்க்கத் தொடங்கி, வெளியேற்றம் குறைய ஏறக்குறைய பத்து ஆண்டு ஆயிற்று.

கீகர் கவுண்டரை டிரம் பக்கத்துல வெச்சா நம்பர் வருமே, அது போதாதா?

அந்த எண் டிரம்மைத் தூக்கப் போகிறவரின் பாதுகாப்புக்கு அவசியம். அவர் வாங்கப்போகும் கதிர்வீச்சு எவ்வளவு என்று அது சொல்லும். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாது. டிரம்முக்கு வெளியே வருவது பெரும்பாலும் கோபால்ட்-60, சீசியம்-137 இரண்டின் காமாக் கதிர்கள். நிக்கல்-63 வெளியிடும் பீட்டா எலக்ட்ரானின் உச்ச ஆற்றலே 67 கிலோ எலக்ட்ரான் வோல்ட். அது காற்றில் சில சென்டிமீட்டர் போவதற்குள் நின்றுவிடும், டிரம்மின் இரும்புத் தகட்டைத் தாண்டுவது எங்கே? டெக்னீசியம்-99, கார்பன்-14 நிலையும் அதுதான்.

இன்று கருவியை அலறவைக்கும் கோபால்ட்டுக்கு அரை ஆயுள் 5.27 ஆண்டு. நூறு ஆண்டில் அது ஐந்து லட்சத்தில் ஒரு பங்காகிவிடும். சத்தமே போடாத நிக்கல்-59 அப்போதும் அப்படியே இருக்கும்.

சரி, நல்ல காமா ஸ்பெக்ட்ரோமீட்டர் வெச்சு நிதானமா எடுத்தா?

திரவ நைட்ரஜனில் குளிரவைத்த உயர்தூய ஜெர்மேனியம் கருவி அருமையானது. எந்தக் கதிர் எந்த ஐசோடோப்பிலிருந்து வருகிறது என்று கோடு கோடாகப் பிரித்துக் காட்டும். ஆனால் காமாவே விடாததை அது எப்படிக் காட்டும்? மேலே சொன்ன பட்டியலில் பாதிக்குமேல் காமா இல்லாதவை.

காமா விடுபவற்றிலும் சிக்கல் உண்டு. நியோபியம்-94 தெளிவாக 703, 871 கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்று இரண்டு கோடுகள் தரும். ஆனால் உலை உலோகத்தில் அது கோபால்ட்-60-ஓடு சேர்ந்தே இருக்கும். கோபால்ட்டின் 1173, 1332 கோடுகளிலிருந்து சிதறி வரும் ஆற்றல், கீழே ஒரு மேடாகப் பரவி நியோபியத்தின் சின்னக் கோடுகளை மூழ்கடித்துவிடும். அயோடின்-129-க்கு 39.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் மெலிந்த காமா ஒன்று இருக்கிறது. மாதிரியே அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அதனால் இவற்றையும் முதலில் வேதியியல் முறையில் பிரித்தெடுத்த பிறகுதான் கருவி முன்னால் வைக்கிறோம்.

அப்போ நிஜமா என்னதான் பண்ணுவீங்க? படிப்படியா சொல்லுங்க.

நிக்கல்-63-ஐ எடுத்துக்கொள்கிறேன், எனக்குப் பிடித்த வேலை அது. ஒரு துண்டு துருப்பிடிக்காத எஃகு வருகிறது. அமிலத்தில் கரைக்கிறோம். கரைசலில் மலைபோல இரும்பு, குரோமியம், கோபால்ட், நடுவில் நமக்கு வேண்டிய நிக்கல். சிட்ரேட் சேர்த்து இரும்பைக் கரைசலிலேயே கட்டிப்போட்டு, அம்மோனியா விட்டு pH எண்ணை 9-க்குக் கொண்டுவருகிறோம். பிறகு டைமெத்தில்கிளையாக்சைம் ஏற்றிய ரெசின் நிரப்பிய, விரல் நீளக் குழாய் வழியே சொட்டுச்சொட்டாக விடுகிறோம். நிக்கல் அந்த வேதிப்பொருளைத் தொட்டதும் ரோஜாச் சிவப்பாகிவிடும். வெள்ளை ரெசினில் மேலிருந்து ஒரு சிவப்பு வளையம் உருவாகி மெல்லத் தடிப்பதைக் கண்ணால் பார்க்கலாம். மற்ற உலோகங்கள் கீழே போய்விடும். நன்றாகக் கழுவிவிட்டு நைட்ரிக் அமிலம் ஊற்றினால் சிவப்பு கலைந்து, நிக்கல் மட்டும் குப்பியில் இறங்கும்.

இறங்கியது சுத்தம்தானா என்று பார்க்க அந்தக் குப்பியைக் காமாக் கருவியில் வைப்போம். கோபால்ட்-60 கோடு தெரிந்தால் பிரிப்பு சரியில்லை, மறுபடியும் முதலிலிருந்து. கோபால்ட்டின் பீட்டா ஒன்று கலந்தாலும் நிக்கல் எண்ணிக்கையைக் கெடுத்துவிடும்.

ஒரே கரைசலில் எல்லாவற்றையும் அளக்கவும் முடியாது. அமிலம் விட்ட நொடியில் கார்பன்-14 கார்பன் டையாக்சைடாகப் பறந்துவிடும், அயோடினும் ஆவியாகிக் கிளம்பும். கார்பனுக்குத் தனித் துண்டு: அதை உலையில் ஆக்சிஜன் ஓட்டத்தில் எரித்து, வரும் வாயுவை அமீன் கரைசலில் பிடிப்போம். அயோடினுக்கு இன்னொரு துண்டு, அதைக் காரத்தில் வைத்துக் கரைப்போம். ஆல்பா விடுபவற்றுக்கு வேறொன்று. ஒரு மாதிரிக்கு ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம் ஆவது இதனால்தான்.

இத்தனை படியில கொஞ்சம் கொஞ்சமா வீணாயிடுமே, அதை எப்படி ஈடுகட்டுவீங்க?

வீணாகும், சந்தேகமே இல்லை. அதனால் தொடக்கத்திலேயே, அளவு தெரிந்த ஒன்றை மாதிரியில் கலந்துவிடுவோம். நிக்கலுக்குச் சாதாரண நிக்கல் உப்பு போதும்: போட்டது இவ்வளவு, கடைசியில் வந்தது இவ்வளவு என்றால் கதிரியக்க நிக்கலும் அதே விகிதத்தில்தான் வந்திருக்கும். புளூட்டோனியத்துக்கு, கழிவில் மிகக் குறைவாகவே இருக்கும் புளூட்டோனியம்-242-ஐப் போடுவோம். டெக்னீசியத்துக்குக் கதிரியக்கமில்லாத ஐசோடோப்பே இயற்கையில் கிடையாது. வேதிக் குணத்தில் அதன் அண்ணன் மாதிரியான ரீனியத்தையோ, மருத்துவமனைகளில் பயன்படும் டெக்னீசியம்-99எம்-ஐயோ கலப்போம். பின்னதற்கு அரை ஆயுள் 6 மணி நேரம்தான், ஒரு வாரம் விட்டால் மறைந்துவிடும், வேலையைக் கெடுக்காது.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. கலந்த பொருளும் மாதிரியில் இருப்பதும் ஒரே வேதி வடிவத்துக்கு வந்திருக்க வேண்டும். கரையாத ஆக்சைடுத் துகளாக மாதிரியில் புளூட்டோனியம் உட்கார்ந்திருந்தால், நாம் போட்டது 90 சதவீதம் திரும்பி வரும், மாதிரியில் இருந்தது அடியில் கிடக்கும். மீட்பு பிரமாதம், விடை தப்பு. அதனால்தான் முழுமையாகக் கரைப்பதில் இவ்வளவு பிடிவாதம்.

பீட்டாவை எண்ணுற கருவி எப்படி வேலை செய்யுது? அதுல என்ன தப்பு வரலாம்?

பிரித்தெடுத்த கரைசலை 20 மில்லிக் குப்பியில், ஒளிரும் திரவத்தோடு கலக்கிறோம். ஆய்வகத்தில் அதைக் காக்டெய்ல் என்போம். பீட்டா ஒவ்வொன்றும் அதில் ஒரு மின்மினி வெளிச்சம் போடும். இரண்டு ஒளிப்பெருக்கிக் குழாய்கள் இருபுறமும் நின்று, இரண்டுக்கும் ஒரே நேரத்தில் தெரிந்த வெளிச்சத்தை மட்டும் எண்ணும். பீட்டா பிறக்கும் இடத்திலேயே திரவம் இருப்பதால் தகட்டைத் தாண்டும் பிரச்சினை கிடையாது.

கலவையில் நிறம் இருந்தால் வெளிச்சம் குறையும். கொஞ்சம் இரும்பு மிஞ்சினால் குப்பி இளந்தேநீர் நிறத்தில் இருக்கும். நிக்கல்-63-ன் மெல்லிய வெளிச்சம் அதில் பாதி அமுங்கிவிடும். இதற்குத் திருத்தக் கோடு உண்டு, கருவியே போட்டுக்கொள்ளும். ஆனால் அடர்நிறக் குப்பிக்குத் திருத்தம் போட்டு எண் எடுப்பதைவிட, மறுபடியும் பிரிப்பதே எப்போதும் நல்லது.

இன்னொன்றைச் சொல்லியே ஆகவேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கார்பன்-14 பிடித்த அமீன் கரைசலைக் காக்டெயிலோடு கலந்து உடனே கருவியில் வைத்தேன். எண் எகிறியது. மாலைக்குள் அறிக்கை வேண்டும் என்று நின்றார்கள், எழுதிக் கொடுத்துவிட்டேன். இரவு முழுக்க இருட்டில் கிடந்த அதே குப்பியை மறுநாள் காலையில் எடுத்தால் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. காரமும் காக்டெயிலும் சேர்ந்து வேதிவினையால் தானே ஒளிர்ந்திருக்கிறது, கார்பன்-14-ன் வெளிச்சம் அதில் சொற்பம். அறிக்கையைத் திரும்ப வாங்கி, காரணத்தை எழுதி, திருத்திக் கொடுத்தோம். அதன்பிறகு இருட்டில் ஓர் இரவு வைக்காமல் எந்தக் குப்பியையும் நான் எண்ணியதில்லை.

சிதையுறதுக்காக ஏன் காத்திருக்கணும்? மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்ல அணுவையே எண்ணிடலாமே?

நல்ல கேள்வி. உண்மையில் ஆயுள் நீள நீள அந்த வழிதான் லாபம். கணக்கைப் பாருங்கள்: ஒரு பெக்கரல் சீசியம்-137-க்கு சுமார் 137 கோடி அணு போதும். ஒரு பெக்கரல் அயோடின்-129-க்கு சுமார் 7 கோடி கோடி அணு வேண்டும், எடையில் 0.15 மைக்ரோகிராம். அத்தனை அணு முன்னால் இருக்கும்போது வினாடிக்கு ஒன்று சிதைவதை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பது, நெல் குவியலில் தானாக உருளும் மணியை மட்டும் எண்ணுவது போல. நிறை நிறமாலைமானி எல்லா அணுவையும் எடை பார்த்து எண்ணும். டெக்னீசியம்-99, யுரேனியம்-236, நெப்டூனியம்-237 எல்லாம் அதற்கு ஏற்றவை.

ஆனால் அதற்கு எடை மட்டும்தான் தெரியும், பெயர் தெரியாது. 99 என்ற எடையில் டெக்னீசியமும் வரும், சாதாரண ருத்தேனியமும் வரும். நிக்கல்-63-க்குச் செம்பு-63 போட்டி. சீசியம்-135-க்கு பேரியம்-135. புளூட்டோனியம்-239-க்கு, யுரேனியம்-238 ஒரு ஹைட்ரஜனைச் சுமந்துகொண்டு வந்து அதே எடையில் நிற்கும். அயோடின்-129-க்குத்தான் வேடிக்கையான எதிரி: கருவி ஓடத் தேவைப்படும் ஆர்கன் வாயுவிலேயே மாசாக இருக்கும் செனான்-129. ஆகவே இங்கேயும் பிரித்தெடுப்பு அவசியம். நிக்கல்-63 போல ஆயுள் நூறு ஆண்டளவில் இருப்பவற்றுக்கு இன்னும் பீட்டா எண்ணுவதே சுலபம்.

இதையெல்லாம் தாண்டிய உணர்திறன் வேண்டுமென்றால் துகள் முடுக்கியோடு சேர்ந்த நிறை நிறமாலைமானி இருக்கிறது. செல்லாஃபீல்டும் பிரான்சின் லா ஹேக்கும் வெளியேற்றிய அயோடின்-129-ஐ ஆர்க்டிக் கடல்வரை பின்தொடர்ந்து, கடல் நீரோட்டங்களை வரைவது அந்தக் கருவியால்தான் முடிகிறது.

புளூட்டோனியம் 239-ஐயும் 240-ஐயும் சேர்த்து ஒரே எண்ணா ஏன் போடுறாங்க?

ஆல்பா முறையில் அளந்தால் வேறு வழியில்லை. பிரித்தெடுத்த புளூட்டோனியத்தை ரூபாய்க் காசு அளவுள்ள பளபளப்பான எஃகுத் தகட்டில் மின்பூச்சாகப் படியவைத்து, வெற்றிடத்தில் சிலிக்கான் கருவி முன் வைப்போம். 239-ன் ஆல்பா 5.16, 240-ன் ஆல்பா 5.17 மெகா எலக்ட்ரான் வோல்ட். கருவிக்கு இரண்டும் ஒரே மேடு. நிறை நிறமாலைமானியில் இரண்டும் தெளிவாகப் பிரியும். அங்கேயும் புளூட்டோனியம்-238 சரியாக வராது, யுரேனியம்-238 அதை மூடிவிடும். அதனால் 238-க்கு ஆல்பா, 239-க்கும் 240-க்கும் நிறை என்று இரண்டையும் சேர்த்துத்தான் முழுப் படம் கிடைக்கும்.

டிரம்மைத் திறக்காமலே உள்ள எவ்வளவு புளூட்டோனியம்னு சொல்ல முடியுமா?

முடியும், தோராயமாக. புளூட்டோனியம்-240 தானாகவே பிளந்து, கிராமுக்கு வினாடிக்குச் சுமார் ஆயிரம் நியூட்ரான் விடும். நியூட்ரான் எஃகை எளிதில் கடக்கும். டிரம்மைச் சுற்றி ஹீலியம்-3 குழாய்களை அடுக்கி, ஒரே பிளவில் இரண்டு மூன்றாகச் சேர்ந்து வரும் நியூட்ரான்களை மட்டும் எண்ணுவார்கள். தனியாக வருபவை வேறு வினைகளிலிருந்தும் வரலாம்.

அமெரிக்காவில் நியூ மெக்சிகோ உப்புச் சுரங்கக் கிடங்குக்குப் போகும் கழிவுக்கு, கிராமுக்கு 3,700 பெக்கரல் என்ற கீழ் எல்லை இருக்கிறது. 100 கிலோ கழிவுள்ள டிரம்மில் அது புளூட்டோனியம்-239 கணக்கில் சுமார் 0.16 கிராம்தான். ஆயுதத் தரப் புளூட்டோனியத்தில் 240-ன் பங்கு 6 சதவீதம் என்று வைத்தால், அந்த டிரம் வினாடிக்குப் பத்து நியூட்ரான் விடும். அதை எண்ணிச் சொல்கிறார்கள் என்பதே பெரிய விஷயம்.

ஆயிரக்கணக்கான டிரம் இருக்கே, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வாரம் ஆகுமா?

ஆகாது. விகிதக் காரணி என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். உலை எஃகில் கோபால்ட்-60-ம் நிக்கல்-63-ம் ஒரே இடத்தில், ஒரே நியூட்ரான்களால் பிறந்தவை. எரிபொருள் கசிவிலிருந்து வரும் டெக்னீசியம், அயோடின், புளூட்டோனியத்துக்கு சீசியம்-137 துணையாக வரும். ஒரு கழிவு ஓட்டத்திலிருந்து, அதாவது ஒரே மூலத்திலிருந்து வரும் கழிவிலிருந்து, போதுமான மாதிரிகளை முழுசாக அளந்து விகிதத்தைக் கண்டுபிடித்துவிட்டால், மற்ற டிரம்களில் வெளியிலிருந்து காமா பார்த்தாலே மறைந்திருப்பதைக் கணிக்கலாம். உலகம் முழுக்க இதுதான் நடைமுறை.

இதில் இரண்டு விஷயம் மறக்கக் கூடாது. கோபால்ட் சீக்கிரம் சிதைவதால் விகிதம் ஒவ்வொரு ஆண்டும் மாறும், எந்தத் தேதிக்கு என்று எழுதாத விகிதத்தால் பயன் இல்லை. அடுத்து, துணை வருவது உலைக்குள் இருக்கும் வரைதான். நீரைச் சுத்திகரிக்கும் ரெசினிலும் அதை வற்றவைக்கும் ஆவியாக்கியிலும் சீசியம் ஒரு வழி போகும், டெக்னீசியம் வேறு வழி போகும். ஓர் ஓட்டத்தின் விகிதத்தை இன்னொன்றுக்கு எடுத்துப் போடுவது எனக்குச் சம்மதமே இல்லை.

ரிப்போர்ட்ல "கண்டறியும் வரம்புக்குக் கீழ்"னு போட்டா, இல்லைன்னுதானே அர்த்தம்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள். அதன் பொருள்: "இருந்தாலும் இந்த அளவுக்கு மேல் இல்லை." அவ்வளவுதான். இல்லை என்றும் ஆகாது, அந்த அளவு இருக்கிறது என்றும் ஆகாது.

வரம்பு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஒன்றுமே போடாத குப்பியும் 100 நிமிடத்தில் 400 எண்ணிக்கை காட்டுகிறது என்று வையுங்கள். அதுதான் பின்னணி. அது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஏறி இறங்கும். 1968-ல் லாய்ட் கரி தந்த வாய்பாட்டின்படி, பின்னணியின் வர்க்கமூலத்தை 4.65-ஆல் பெருக்கி 2.71 கூட்ட வேண்டும்: சுமார் 96 எண்ணிக்கை. அதற்குமேல் கூடுதலாக இருந்தால்தான் நம்பிக்கையோடு பிடிக்க முடியும். கருவித் திறன் 90 சதவீதம், வேதி மீட்பு 70 சதவீதம் என்றால் அது 0.025 பெக்கரல். நான்கு மடங்கு நேரம் எண்ணினால் வரம்பு நான்கில் ஒன்றாகாது, பாதிதான் ஆகும். ஆக வரம்பு என்பது கழிவின் குணம் மட்டும் கிடையாது. எவ்வளவு மாதிரி எடுத்தீர்கள், எவ்வளவு நேரம் எண்ணினீர்கள் என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது.

அமெரிக்காவில் இது பெரிய அளவில் வெளிப்பட்டது. 1980-களிலிருந்து அணுமின் நிலையங்கள் கழிவுச் சீட்டில் அயோடின்-129, டெக்னீசியம்-99-க்கு எண் எழுத வேண்டியிருந்தது. சாதாரண முறையில் பிடிபடாததால் பல இடங்களில் கண்டறியும் வரம்பையே அளவாக எழுதினார்கள். பாதுகாப்பான பக்கம் நிற்கிறோம் என்று எண்ணம். நிறை நிறமாலைமானியில் அளந்தபோது உண்மை அளவு அதைவிடப் பல மடங்கு குறைவாக இருந்தது. ஆயிரக்கணக்கான சீட்டுகளில் உள்ள "இருந்தாலும் இதற்கு மேல் இல்லை"யைக் கூட்டினால் கிடங்கில் இல்லாத அயோடின் கணக்கில் ஏறும், கிடங்குக்கு அனுமதித்த அளவு காகிதத்திலேயே நிரம்பும். வரம்பு எண்ணை எழுதுவதற்குப் பதில் மறைமுகக் கணிப்பைப் பயன்படுத்தலாம் என்று 2015-ல் அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் வழிகாட்டியது. அறிக்கையில் வரம்பைப் பார்த்தால் அதை வரம்பு என்றே எழுதி வையுங்கள், ஒருபோதும் கூட்டலில் சேர்க்காதீர்கள்.

எல்லாத்தையும் தனித்தனியா அளக்காம மொத்த பீட்டா எடுத்தா என்ன?

மொத்த பீட்டா சரிபார்ப்புக்கு மிகவும் உதவும். ஃபுகுஷிமாவில் தொட்டிகளில் சேர்ந்த நீரைச் சுத்திகரிக்கும் அமைப்பு 62 ஐசோடோப்புகளை அகற்றும்படி வடிவமைக்கப்பட்டது. அந்தப் பட்டியலில் கார்பன்-14 இல்லை. தொட்டி நீரின் மொத்த பீட்டாவையும், தனித்தனியாக அளந்த முக்கிய ஐசோடோப்புகளின் கூட்டலையும் ஒப்பிட்டபோது இரண்டும் பொருந்தவில்லை. அந்த இடைவெளியைத் துருவியபோதுதான் கார்பன்-14-ம் டெக்னீசியம்-99-ம் கணக்குக்குள் வந்தன. 2023 ஆகஸ்டில் கடலுக்கு விடத் தொடங்கியபோது, கார்பன்-14 ஒவ்வொரு தொகுதியிலும் அளக்கப்படும் பட்டியலில் இருந்தது.

ஆனால் மொத்த பீட்டாவை மட்டும் நம்பினால், எது என்று தெரியாமல் எவ்வளவு என்று மட்டும் தெரியும். குறை ஆற்றல் பீட்டாக்கள் அதில் பாதி தப்பிவிடும். ஸ்ட்ரான்சியம்-90 தன் மகளான இட்ரியம்-90-ஐயும் கூட்டிக்கொண்டு இரண்டு தடவை எண்ணப்படும்.

நம்ம கல்பாக்கம், கூடங்குளத்துல எது முக்கியம்?

இரண்டும் வேறு வகை உலைகள். கல்பாக்கத்தின் சென்னை அணுமின் நிலையத்தில் 1980-களில் ஓடத் தொடங்கிய இரண்டு உலைகளும் கனநீர் உலைகள். கனநீரில் உள்ள ஆக்சிஜன்-17 நியூட்ரானை விழுங்கினால் கார்பன்-14 பிறக்கும். நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்க வைத்திருக்கும் கனநீரின் அளவு பெரிது என்பதால், அதே மின்சாரத்துக்குச் சாதாரண நீர் உலையைவிட இங்கே கார்பன்-14 பல மடங்கு அதிகம். இது கனநீர் உலைகள் எல்லாவற்றுக்கும் பொதுவானது, கனடாவிலும் இதே கதைதான். அதில் பெரும்பகுதி நீரைச் சுத்திகரிக்கும் அயனிமாற்று ரெசினில் பைகார்பனேட்டாகச் சிக்கும். அந்த ரெசினை அளக்கும்போது கூடவே ட்ரிட்டியமும் நிறைய இருக்கும். எரித்து வரும் வாயுவில் நீராவியை முதல் குப்பியிலும் கார்பன் டையாக்சைடை அடுத்த குப்பியிலும் பிடித்து இரண்டையும் பிரிக்க வேண்டும்.

கூடங்குளம் சாதாரண நீர் உலை. அங்கே ரெசினில் பார்க்க வேண்டியவை நிக்கல்-63, கோபால்ட்-60, சீசியம்-137 மாதிரியானவை.

அரை ஆயுள் எல்லாம் உறுதியாத் தெரியுமா? 3 லட்சம் வருஷம் யாரு உட்கார்ந்து பார்த்தா?

யாரும் உட்கார வேண்டாம். அணுக்கள் எத்தனை என்று நிறை நிறமாலைமானியில் எண்ணி, வினாடிக்கு எத்தனை சிதைகின்றன என்று பார்த்தால் வகுத்தலில் அரை ஆயுள் வந்துவிடும். இரண்டில் ஒன்று தவறினால் அரை ஆயுளும் தவறும். செலினியம்-79-க்கு நீண்ட காலம் அட்டவணைகளில் 65,000 ஆண்டு என்றே இருந்தது. 1990-களிலிருந்து புதிய அளவீடுகள் வந்து, இப்போது ஏறக்குறைய 3 லட்சம் ஆண்டு என்று நிற்கிறது. அதே எண்ணிக்கை அணுக்களுக்குக் கதிரியக்கம் ஐந்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. பழைய அறிக்கையைக் கையில் எடுக்கும்போது எந்த அரை ஆயுளை வைத்துக் கணக்கிட்டார்கள் என்று முதலில் பாருங்கள்.

ஒரு கிராம் எடுத்து அளந்துட்டு ஒரு டன்னுக்குச் சொல்றீங்களே, அது எப்படி நியாயம்?

இதுவரை வந்த கேள்விகளில் கடினமானது இதுதான். கருவியின் பிழையை நாங்கள் சதவீதத்தில் எழுதிவிடுவோம், மாதிரி எடுத்ததில் வந்த பிழை பெரும்பாலும் அதைவிடப் பெரிது. உலைச் சுவரின் கான்கிரீட்டில் உள்பக்கம் யூரோப்பியம்-152-ம் கால்சியம்-41-ம் இருக்கும், உள்ளே போகப்போக வேகமாகக் குறையும். துளைத்தெடுத்த உருளையைச் சில சென்டிமீட்டருக்கு ஒரு வில்லையாக வெட்டி, ஒவ்வொன்றையும் அளந்தால்தான் எந்த ஆழம்வரை கழிவு, எங்கிருந்து சாதாரண இடிபாடு என்று சொல்ல முடியும்.

ரெசின் தொட்டி அதைவிடக் கஷ்டம். பல ஆண்டுகளில் வெவ்வேறு சமயம் கொட்டிய ரெசின் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும், மேலே கிடப்பது கடைசியாக வந்தது மட்டுமே. மேலாக ஒரு கரண்டி எடுத்து அனுப்புவதுதான் சுலபம், அதைத்தான் எல்லோரும் செய்ய ஆசைப்படுவார்கள். நாங்கள் நீண்ட குழாயை இறக்கி மூன்று ஆழத்தில் எடுப்போம். மூன்றையும் கலக்காமல் தனித்தனியாக அளப்போம். மூன்று எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் தொட்டிக்குத் திரும்பிப் போய் இன்னும் இரண்டு இடத்தில் குழாயை இறக்குவோம்.